கர்ப்பப்பை என்று சொல்லியிருந்தோம்

வலிக்குமா என்றா கேட்கிறீர்கள் அம்மிணி? வலி பெரிய விஷயமே இல்லை. வலிக்கு ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்லுவார்கள். அப்படி அணைத்துக்கொண்டால் தாங்கிவிடலாம். என்னைக் கேட்டால் வெட்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

உங்களுக்கு நாளைக்குத்தானே அட்மிஷன்? எனக்கு இன்றைக்குச் செக்கப். நம்பர் கூப்பிட இன்னும் நேரமாகும். என் பெண் மருந்துக் கடை வரிசையில் நிற்கிறாள், அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் இருந்தால், "போதும்மா, இன்னும் எத்தனை பேர்கிட்டச் சொல்லுவே?" என்பாள். நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு டீச்சரிடம் சொன்னேன். இப்போது உங்களிடம். அவ்வளவுதான்.

எங்களுக்குப் பவானிப் பக்கம். சொந்தமாக நாலு விசைத்தறி ஓடுகிறது. கோகிலா ஒரே பெண். அவளுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. நட்சத்திரம் சரியில்லை என்று சில பேர் போனார்கள், படிப்பு அதிகம் என்று சில பேர் போனார்கள். கடைசியில் அந்தியூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. அவனுடைய அம்மா பேர் தெய்வானை. வந்து பெண்ணைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், "கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்று போனார்கள். அந்த வாரமே எனக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்தது.

மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம். பிழைப்பேனா என்றா? இல்லை. ஐயோ, அந்தியூருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்றுதான் தோன்றியது. தாய்க்கு நெஞ்சுக் கோளாறு என்றால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரியாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லுவேன். என் தம்பி மகனுக்குப் பெண் பார்த்தபோது சொல்லியும் இருக்கிறேன். அது வேறு கதை.

அதனால் கர்ப்பப்பை என்று சொல்லியிருந்தோம். கர்ப்பப்பை எடுப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன் வீட்டுக்குப் போன் பேசியது எங்கள் வீட்டுக்காரர். அவருக்குப் பொய் வராது. தறிச் சத்தத்திலேயே இருந்து பேச்சே குறைந்துபோன மனுஷர். நான் எதிரில் நின்று வாயசைத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் சொன்னார்.

இங்கே வந்து சேர்ந்தேன். ஆபரேஷனுக்கு முன்பு தாலியைக் கழற்றச் சொன்னார்கள். உங்களுக்கும் சொல்லுவார்கள், இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு கவுன். நெஞ்சில் பசை வட்டங்கள் ஒட்ட ஓர் ஆள் வந்தான், என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வட்டத்திலும் ஒயரை மாட்டினான். தலைமாட்டில் இருந்த பெட்டியில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடியது.

சபீனா என்று ஒரு நர்ஸ். தங்கமான பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாம் விளக்கமாகச் சொன்னது.

"அம்மா, கவனமாக் கேளுங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடும். ஆனா ரெண்டாம் நாள், மூணாம் நாள் இதயம் கொஞ்சம் மிரளும். நாலு பேருல ஒருத்தருக்காவது துடிப்பு ஒழுங்கு தப்பிப் படபடன்னு அடிக்கும். அதை வர விடாமப் பண்ணத்தான் இந்த மாத்திரை. காலைல அரை, சாயங்காலம் அரை. ஒரு வேளைகூட விடக் கூடாது."

"வந்தா என்ன சாமி ஆகும்?"

"உடனே சொன்னீங்கன்னா மருந்து ஏத்திச் சரி பண்ணிடுவோம். சொல்லாம வெச்சிருந்தா ரத்தம் உள்ளேயே தேங்கிக் கட்டியாயிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும். அதனால படபடன்னா கூப்பிடணும். ராத்திரியோ பகலோ, யார் இருந்தாலும் சரி. என்ன?"

சரி என்று தலையாட்டினேன். ரத்தத்தில் இருக்கிற உப்புக் குறைந்தாலும் துடிப்பு தப்புமாம். அதற்காகத் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குறைந்த அன்றைக்குப் பாட்டிலில் ஏற்றினார்கள். எவ்வளவு பேர் எவ்வளவு பாடுபட்டார்கள் என் துடிப்பைக் காப்பாற்ற! எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போய் வந்து நின்றார்.

"அந்தியூரம்மா வர்றாங்களாமா. இங்க கோயமுத்தூர்ல ஏதோ விசேஷமாம், அப்படியே உன்னையும் பார்த்துட்டுப் போறாங்களாம்."

"எந்த ஆஸ்பத்திரின்னு ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"மாடி?"

"அதையும் கேட்டாங்க."

பிறகு காப்பி வாங்கி வருகிறேன் என்று போனவர்தான். எல்லாம் முடிகிற வரைக்கும் அந்தக் காப்பி வரவில்லை.

நீங்களே சொல்லுங்கள் அம்மிணி. பெண்ணை எடுக்கப் போகிறவர்கள் வரும்போது காலை நீட்டிப் படுத்துக்கொண்டா வாங்க என்று சொல்வது? நிமிர்ந்து உட்கார்ந்துதானே வரவேற்க வேண்டும்? அதுதானே மரியாதை? அந்த அரை மாத்திரை போட்டால் எனக்குக் கண் சொக்கும், உட்கார்ந்தால் தலை சுற்றும். அதனால் அன்று காலை சபீனா கொடுத்ததை வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அந்தப் பெண் திரும்பியதும் கைக்குட்டையில் துப்பி முடிந்து, கோகிலா பார்க்கப் பார்க்கத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றுதான். எறிந்துவிடவில்லை, கவனியுங்கள்.

அடுத்தது ஒயர். பாத்ரூம் போக வேண்டும் என்றேன். சபீனா பெட்டியை நிறுத்திவைத்து ஒயரைக் கழற்றிவிட்டது. திரும்பி வந்ததும், "வேர்த்திருக்குது கண்ணு, ஈரம் காயட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்" என்றேன். அந்த நேரம் பார்த்து வேறு கட்டிலில் கூப்பிட்டார்கள், அது ஓடிவிட்டது. மஞ்சள் கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்துக் கழுத்தில் கட்டச் சொன்னேன். ஒரு சால்வையைக் கழுத்து வரை போர்த்தச் சொன்னேன். கோகிலா எல்லாம் செய்தாள். செய்துகொண்டே, "அம்மா, சொல்லிடலாம்மா" என்றாள்.

"வாயை மூடுடி. முப்பத்தொண்ணு முடிஞ்சுது உனக்கு."

அவள் சால்வையின் ஓரத்தை இழுத்துச் செருகினாள்.

தெய்வானையம்மா வந்தார்கள். கையில் சாத்துக்குடிப் பை. நல்ல உயரம், நிதானமான பேச்சு. நான் முதுகு சாயாமல் உட்கார்ந்து கை கூப்பினேன்.

"வாங்க வாங்க. இத்தனை தூரம் எதுக்குங்க சிரமம்?"

"இதுல என்னங்க சிரமம்? ஒடம்பு எப்படீங்க இருக்குது?"

"தேவலைங்க. கர்ப்பப்பையில கட்டி இருந்துச்சுங்க. எடுத்துட்டாங்க."

"அப்படீங்களா. வவுத்தைக் கிழிச்சா, ஓட்டை போட்டா?"

"ஓட்டைதானுங்க. இப்பெல்லாம் ஓட்டைதானே."

"அதுஞ் சரிதான். பின்ன காலுக்கு எதுக்குங்க இத்தாம் பெரிய கட்டு?"

காலை மறந்துவிட்டேன் அம்மிணி! நெஞ்சில் வைத்துத் தைப்பதற்குக் காலிலிருந்துதான் ரத்தக்குழாய் எடுப்பார்கள். முட்டிக்குக் கீழே பூராவும் கட்டு. சால்வை எட்டவில்லை.

"அது... வழுக்கி உழுந்துட்டனுங்க."

"ஆஸ்பத்திரியிலயா?"

"பாத்ரூம்ல."

கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாருங்கள், எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. பழக்கத்தில் அந்த இருமல் தலையணையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"வவுத்துல ஆபரேஷன் பண்ணிட்டு நெஞ்சைப் புடிச்சுக்கறீங்க?"

"வலி மேல ஏறுதுங்க."

"ஏறும், ஏறும்" என்றார்கள்.

அப்போதுதான் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் நாலு தறியும் ஒரே நேரத்தில் ஓடும். அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. ஒரு தறி தப்பினால்கூடத் தூக்கத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கு நாலும் நாலு வேகத்தில், என் நெஞ்சுக்குள் ஓடுகிறது. ஒன்று நிற்கிறது, இரண்டு சேர்ந்து அடிக்கிறது, மறுபடி எல்லாம் தாறுமாறாக ஓடுகிறது. நர்ஸ் சொன்னது இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது.

ஆனால் எப்படிச் சொல்வது? அவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து போகட்டும், படியிறங்கட்டும், பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே இருந்தேன். மழை உண்டா என்று கேட்டேன். மஞ்சள் விலை எப்படி என்று கேட்டேன். பதில் காதில் விழவில்லை. முதுகில் வேர்வை கோடாக இறங்கியது.

கிளம்புகிறேன் என்று எழுந்தவர்கள் என் கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை விடவில்லை.

"கோகிலா, நர்ஸைக் கூப்புடு சாமி."

"வேண்டாமுங்க, ஒண்ணுமில்லீங்க, புழுக்கம்..."

"கூப்புடுன்னு சொல்றேனல்லோ!" என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டு, அவர்களே வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். "ஏனுங்க சிஸ்டர்! ஹார்ட் ஆபரேஷன் பண்ணுன அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க, கை ஜில்லுன்னு கெடக்குது, ஓடி வாங்க!"

ஹார்ட் ஆபரேஷன் பண்ணின அம்மா! எனக்குத் தறி எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. ஆனால் அது நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடியது.

சபீனா வந்தது, இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், திரையை இழுத்தார்கள், சால்வையை உருவினார்கள், ஒயரை மறுபடி மாட்டினார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு கிடந்தேன். டாக்டர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"காலை மாத்திரை போட்டாங்களா?"

"போட்டாங்க சார், என் கண்ணு முன்னாடிதான்" என்றது சபீனா. பாவம், அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னது. நான் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோகிலா என் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, டாக்டர் முன்னால் நீட்டினாள்.

"போடலைங்க சார். துப்பிட்டாங்க. ஒயரும் அவங்களாத்தான் பொய் சொல்லிக் கழட்ட வெச்சாங்க."

திரை துணிதானே. அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கேட்காமலா இருக்கும்? பெற்ற பெண்ணே என்னை இப்படிக் காட்டிக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அந்த அரை மாத்திரையாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா எது போட்டீங்க, எது போடலைன்னு தெரியாம நான் மருந்து ஏத்தக் கூடாதில்ல?" என்றார். சபீனா என் முகத்தைப் பார்க்காமல் ஊசியைக் குத்தியது. அந்தப் பெண் என்னைப் பார்க்காதது இப்போதும் உறுத்துகிறது.

மருந்து ஏறி, பொழுது சாயும்போது தறிகள் ஒன்றாகச் சேர்ந்தன. பிழைத்துக்கொண்டேன். தெய்வானையம்மா அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். அவர்கள் போக வேண்டிய விசேஷத்துக்குப் போகவில்லையாம். இதைச் சொன்னது எங்கள் வீட்டுக்காரர், ஆறிய காப்பியோடு.

மறுநாள் மத்தியானம் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். நடையில் அவர்கள் குரல் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? எந்த முகத்தோடு விழிப்பது?

"தூங்கறாங்களா?" என்றார்கள்.

"ஆமாங்க அத்தை" என்றாள் கோகிலா. அத்தை என்கிறாள்! அதற்குள்.

நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். டிபன் கேரியர் திறக்கிற சத்தம். கோகிலா விடிகாலையில் ஊருக்குப் போய், வீட்டிலிருந்து தயிர்சோறு கொண்டுவந்திருந்தாள். இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

"அத்தை, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன சாமி கேக்கறே? வாசல்ல போர்டு வெச்சிருக்காங்களல்லோ, 'இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவு'ன்னு, இந்த நீளத்துக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களா?"

அம்மிணி, என்னை அந்த வார்டுக்குள் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். நான் பார்த்ததெல்லாம் கூரைதான். போர்டை நான் எங்கே பார்த்தேன்? கோகிலா பார்த்திருப்பாள். அவள் ஏன் சொல்லவில்லை? வாயை மூடச் சொன்னேன், மூடிக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் அத்தை அம்மாகிட்டக் கேக்கலை?"

"அவங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன். பாத்ரூம்ல வழுக்கி உழுந்தேன்னாங்க பாரு, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையைப் புடிச்சதுக்கு அப்புறந்தான் சிரிப்புப் போச்சு." கேரியர் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு கேட்டார்கள்: "உனக்கு நெஞ்சு படபடன்னு வந்தா ஆருகிட்டச் சொல்லுவே?"

"சொல்லமாட்டேன் அத்தை. எங்க வீட்ல யாரும் சொல்லமாட்டோம்."

"அப்ப எங்கூட்டுக்கு வந்ததும் மொதல்ல அதைத்தான் பழகோணும்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. இறுக்கி மூடிக்கொண்டேன். மூச்சைக்கூடத் தூங்குகிறவள் மாதிரி இழுத்து இழுத்து விட்டேன். ஆனால் அந்தப் பெட்டி இருக்கிறதே, அதற்கு நடிக்கத் தெரியாது. டிக் டிக்கென்று வேகம் பிடித்துவிட்டது. சபீனா ஓடி வந்தது.

"என்ன இது, தூங்கறவங்களுக்கு இந்த ஓட்டம் ஓடுது?"

"அவங்க எங்க கண்ணு தூங்கறாங்க?" என்றார்கள் தெய்வானையம்மா. "நான் வந்ததுலேருந்து முழிச்சுட்டுத்தான் கெடக்கறாங்க."

திறந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபீனா பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காத்தான் அடிக்குது. வேகம் மட்டும் கூட. பயமில்லை" என்றது. அப்போதுதான் மறுபடியும் என் முகத்தைப் பார்த்துப் பேசியது.

"தயிர்சோறு கொஞ்சம் மிச்சமிருக்குதுங்க சம்பந்தி. ஒரு வாய் சாப்புடறீங்களா?" என்று கேட்டார்கள் அவர்கள்.

சம்பந்தி என்றது மரியாதைக்காக இருக்கும். நோயாளியிடம் வேறு எப்படிப் பேசுவார்கள்? எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சோறு சாப்பிட்டால்தான் சம்மதம் என்று அர்த்தம். கை நனைப்பது என்போம். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் அதில் சேருமா? சேராது என்கிறேன் நான். சேரும் என்கிறாள் கோகிலா. எங்கள் வீட்டுக்காரர் மண்டபத்துக்குச் சொல்லிவைக்கட்டுமா என்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'எங்களுக்குச் சம்மதம்' என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. நானாக எப்படிக் கேட்பது? என் தகுதிதான் கைக்குட்டையில் முடிந்து அத்தனை பேர் முன்னாலும் அவிழ்த்துக் காட்டியாகிவிட்டதே.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் போன் செய்கிறார்கள். "மாத்திரை போட்டாச்சுங்களா?" அது ஒரு கேள்வி. "படபடப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" அது ஒன்று. அக்கறை என்கிறாள் கோகிலா. எனக்கென்னவோ வேவு பார்க்கிற மாதிரித்தான் படுகிறது. சம்பந்தம் செய்வதற்கு முன்னால் குறை தேடுகிறார்களோ என்று ஒவ்வொரு நாளும் நல்லாத்தானுங்க இருக்கறேன் என்று சொல்லிவைத்துவிடுவேன்.

இதோ, அவர்கள்தான். பார்த்தீர்களா, இன்றைக்குச் செக்கப் என்று நினைவு வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஒரு நிமிடம் இருங்கள் அம்மிணி.

"ஹலோ... வந்துட்டமுங்க... இன்னும் கூப்புடலீங்க, உக்கார்ந்துட்டிருக்கறேன்... போட்டுட்டனுங்க, காப்பி குடிச்சதும் போட்டுட்டேன்... இல்லீங்க, நல்லாத்தானுங்க இருக்கறேன்... சரிங்க..."

"ஏனுங்க, வெச்சுடாதீங்க. ஒண்ணு சொல்லோணும்... பஸ்ஸுல வரும்போது தப்புத் தப்பா அடிச்சாப்பல இருந்துச்சுங்க... இப்ப இல்லீங்க. கொஞ்ச நேரந்தான்... இல்லீங்க, கோகிலாகிட்டயும் சொல்லலை, ஆருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்... இப்பவேங்களா? நம்பர் வர்றதுக்கு இன்னும்... சரிங்க. சரிங்க, போறேன்."

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மிணி. கோகிலா வந்தால் நான் நர்ஸிடம் போயிருக்கிறேன் என்று சொல்லுங்கள். நம்பர் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கக் கூடாதாம். சம்பந்தி சொல்கிறார்கள்.